உத்தரியம்: ஒரு சிறு கம்பளித் துண்டின் வரலாறு



தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றில் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தால், அவர்களின் கழுத்துகளில் பலவகைக் கயிறுகளைக் காணலாம். ஒரு பிள்ளைக்குத் தாயத்து. இன்னொரு பிள்ளைக்கு உருத்திராக்கம். வேறொரு பிள்ளைக்குக் கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு. அரிதாக ஒரு பிள்ளையின் சட்டைக்குள், மார்புப் பக்கம் ஒன்றும் முதுகுப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சிறு துணித்துண்டுகள் தொங்கும். தபால்தலையைவிடச் சற்றுப் பெரியவை. பழுப்பு நிறம். இரண்டையும் இணைக்கும் இரண்டு நாடாக்கள் தோள்களின்மேல் செல்லும். கத்தோலிக்கக் குடும்பங்கள் இதனை 'உத்தரியம்' என்று அழைக்கின்றன.

ஈப்போ வட்டாரத்திலும், முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்த சுற்றுப்புறங்களிலும் பணியாற்றிய ஆண்டுகளில் இப்பொருளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இது என்ன என்று கேட்டால், 'சாமிக் கயிறு' என்பதற்குமேல் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிவதில்லை. பெற்றோர் பலருக்கும் அவ்வளவே. இத்துணித்துண்டு எதனால் செய்யப்பட்டது, ஏன் அதனால் செய்யப்பட்டது என்று கேட்கத் தொடங்கினால், ஐரோப்பிய மடங்களிலிருந்து பேராக்கின் லயத்து வீடுகள்வரை நீளும் ஒரு வரலாறு நம்முன் விரிகிறது. தமிழில் 'பொருள்' என்னும் சொல் கைக்கு எட்டும் பண்டத்தையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். உத்தரியத்தில் இவ்விரண்டு பொருளும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

ஐரோப்பிய மொழிகளில் இதன் பெயர், தோள்பட்டையைக் குறிக்கும் 'ஸ்காபுலா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. தோளில் அணிவது என்பது அதன் நேர்ப்பொருள்.

நம் அண்டை மொழியான மலையாளத்தில் கத்தோலிக்கர் இதனை 'வெந்திங்ஙா' என்பர். இது 'பெந்தின்யோ' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. அச்சொல்லுக்கு 'மந்திரிக்கப்பட்ட சிறு பொருள்' என்று பொருள். கடல்வழி வந்தவர்களின் சொல் அங்கே அப்படியே தங்கிவிட்டது.

தமிழில் நிகழ்ந்தது வேறு. தமிழ்க் கத்தோலிக்க மரபு போர்த்துகீசியச் சொல்லை ஏற்கவில்லை. மேலாடையைக் குறிக்கும் 'உத்தரீயம்' என்னும் பழைய வடசொல்லை எடுத்துக்கொண்டது. கோயிலிலும் திருமணத்திலும் ஆடவர் தோளில் இடும் துண்டு, அங்கவஸ்திரம் ஆகியவற்றுக்கு உரிய சொல் அது. மலையாளச் சொல் பொருளின் புனிதத்தை முன்னிறுத்துகிறது. தமிழ்ச் சொல்லோ அது ஓர் ஆடை என்பதை முன்னிறுத்துகிறது. இவ்வேறுபாடு சிறியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

மொழியாசிரியர்கள் கவனிக்கவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. இறந்தோர் தூய்மை பெறும் நிலையைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று வழங்கி வந்துள்ளனர். பாவத்துக்கு ஈடாகத் துன்புறுதல் என்னும் பொருள்படும் 'உத்தரித்தல்' என்ற வினை வேறு. மேலாடையாகிய 'உத்தரியம்' வேறு. ஆனால், உத்தரியம் அணிந்தவரை அன்னை மரியா அந்நிலையிலிருந்து விரைவில் மீட்பார் என்பது கார்மேல் பக்தி மரபின் நம்பிக்கை. ஆகவே, ஒலி ஒற்றுமையால் இரண்டு சொற்களும் மக்கள் செவியில் உறவாகிவிட்டன. பிற மொழிகளில் இல்லாத இந்தச் சொல்லுறவு தமிழுக்கே உரியது.

உழைப்பாளியின் ஆடை

உத்தரியம் தொடக்கத்தில் பக்திப் பொருளாக இருக்கவில்லை. அது வேலை செய்யும்போது அணியும் ஆடை!

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் தம் மடத்துத் துறவியருக்கு ஒழுங்குமுறை நூல் ஒன்றை வகுத்தார். துறவியர் என்னென்ன ஆடை வைத்திருக்கலாம் என்று அதில் பட்டியலிட்டபோது, வேலைக்கென ஒரு தோளாடையையும் சேர்த்தார். வயலிலும் சமையற்கட்டிலும் பாடுபடும்போது உள்ளாடை அழுக்காகாமல் காப்பதே அதன் பயன். பிற்காலத்தில் அது தலையை நுழைத்து அணியும் நீண்ட துணியாக, முன்னும் பின்னும் கால்வரை தொங்கும் வடிவம் பெற்றது. பல துறவுச் சபைகள் அதனைத் தம் சீருடையின் பகுதியாக்கிக் கொண்டன.

அச்சபைகளுள் ஒன்று கார்மேல் சபை. பாலஸ்தீனத்தின் கார்மேல் மலையில் தனித்து வாழ்ந்த தவசிகள் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குமுறை பெற்றுச் சபையாயினர். அங்கே வாழ இயலாத நிலை ஏற்பட்டபோது ஐரோப்பாவிற்குக் குடிபெயர்ந்தனர். 1242இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள எய்ல்ஸ்ஃபர்டில் தங்கினர். 1251ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், சபைத் தலைவர் சைமன் ஸ்டாக் என்பவருக்கு அன்னை மரியா காட்சியளித்துத் தோளாடையைக் காட்டி, இதனை அணிந்து இறப்போர் அழிவுறார் என்று வாக்களித்ததாகச் சபை மரபு கூறுகிறது. அக்காட்சியைக் கூறும் எழுத்துகள் அதற்கு நெடுங்காலம் பிற்பட்டவை என்று வரலாற்று ஆய்வாளர் சுட்டுவர். எனினும், ஜூலை 16 இன்றுவரை கார்மேல் அன்னை திருநாளாகக் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டில் அந்த அன்னைக்கு 'உத்தரிய மாதா' என்ற பெயரும் உண்டு.

துறவியரின் அருள்வாழ்வில் பங்குபெற விரும்பிய இல்லறத்தாரால் கால்வரை தொங்கும் துணியை அணிந்து உழைக்க முடியாது. எனவே அவ்வாடை சுருங்கியது. பெரிய துணி கையகலத் துண்டாயிற்று. பின்னர் விரலகலத் துண்டாயிற்று. ஆயினும் அதன் இலக்கணம் மாறவில்லை. முன்னே ஒன்று, பின்னே ஒன்று, இடையே தோள். அளவில் எவ்வளவு குறைந்தாலும் அது ஆடையாகவே நின்றது.

எதனால் செய்யப்படவேண்டும்?

ஆடை என்பதனால்தான் அதன் மூலப்பொருள் குறித்துத் திருச்சபை மிகுந்த கண்டிப்புக் காட்டியது. அவ்விதிகள் வருமாறு:

1. இரண்டு துண்டுகளும் கம்பளியால் ஆனவையாக இருக்கவேண்டும். பருத்தியோ பட்டோ கூடாது.

2. கம்பளி தறியில் நெய்யப்பட்டதாக இருக்கவேண்டும். ஊசியால் பின்னிய கம்பளி ஏற்கப்படாது. 1868இல் உரோமையிலிருந்து வந்த தீர்ப்பு ஒன்று இதனைத் தெளிவுபடுத்தியது.

3. வடிவம் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ இருக்கவேண்டும். வட்டமாக வெட்டுதல் கூடாது.

4. கார்மேல் உத்தரியத்தின் நிறம் பழுப்பு அல்லது கறுப்பு.

5. நாடா எந்த இழையாலும் இருக்கலாம்.

6. படம் கட்டாயமில்லை. துணியே முதன்மை.

ஆறாம் விதியைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லவேண்டும். இன்று கடைகளில் விற்கப்படும் உத்தரியத்தில் நம் கண்ணைக் கவர்வது அதன்மேல் அச்சிடப்பட்ட மாதா படம். ஆனால், கார்மேல் உத்தரியத்தைப் பொறுத்தவரை படம் வெறும் அணி. படமில்லாத வெறுங்கம்பளித் துண்டு முழுமையான உத்தரியம். துணியில்லாத படமோ உத்தரியமாகாது.

ஏன் கம்பளி? 13ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏழைக்கும் எட்டிய துணி அது. இங்கிலாந்தின் அன்றைய பெருஞ்செல்வமே ஆட்டுமயிர்தான். துறவியர் விலையுயர்ந்த சாயம் தோய்த்த துணியை விலக்கி, ஆட்டின் இயல்பான நிறமே தெரியும் முரட்டுக் கம்பளியை உடுத்தினர். பழுப்பும் கறுப்பும் இரண்டுமே ஏற்புடையன என்னும் விதியின் வேர் இங்கே இருக்கிறது. சாயமிடாத ஆட்டுமயிர் ஒரே நிறமாக வருவதில்லை அல்லவா?

பல நிறங்கள், பல சபைகள்

கார்மேல் உத்தரியம் ஒன்றே உத்தரியம் அன்று. வேறு சில துறவுச் சபைகளும் வெவ்வேறு நிறங்களில் சிற்றுத்தரியங்களை மக்களுக்கு வழங்கின. மூவொரு கடவுள் சபையினரது வெள்ளைக் கம்பளி. அதன்மேல் சிவப்பும் நீலமுமான சிலுவை. மரியின் ஊழியர் சபையினரது கறுப்பு, வியாகுல மாதாவுக்கு உரியது. தியேத்தின் சபையினரது நீலம், அமலோற்பவ மாதாவுக்கு உரியது. வின்சென்ட் தெ பவுல் சபையினரது சிவப்பு, இயேசுவின் பாடுகளுக்கு உரியது. இது 1847இல் ஒப்புதல் பெற்றது.

சிவப்பு உத்தரியத்திற்கு மட்டும் ஒரு தனி விதி இருந்தது. அதன் நாடாவும் சிவப்புக் கம்பளியாலேயே அமையவேண்டும். ஐந்து உத்தரியங்களையும் ஒன்றாகத் தைத்து அணியும் வழக்கமும் உண்டு. அப்போது ஐந்துக்கும் பொதுவான நாடா சிவப்புக் கம்பளியாகவே இருக்கும். பச்சை உத்தரியம் என்று ஒன்றும் வழங்குகிறது. அதற்கு ஒரே ஒரு துண்டுதான். முதுகுப் பக்கத்துண்டு கிடையாது. எனவே பெயரளவில்தான் அது உத்தரியம்.

தோள்துண்டும் தமிழரும்

இனி நம் மக்களின் பக்கம் வருவோம்.

கூலிகளாகக் கப்பலேறி மலாயா வந்த தமிழருள் பெரும்பாலோர் தமிழகச் சிற்றூர்களின் ஒடுக்கப்பட்ட உழைக்கும் மக்கள். அச்சிற்றூர்களில் தோள்துண்டு என்பது வெறும் துணியாக இருக்கவில்லை. மேல்சாதியார் எதிரே வந்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்திலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை பல ஊர்களில் நிலவியது. திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டு போராட்டம் நடந்து, 1859இல்தான் அரசாணை பிறந்தது.

இத்தகைய சமூகத்தில், குருவானவர் ஓர் ஏழையின் தலைவழியே நாடாவை இட்டு, மார்பிலும் முதுகிலும் துணி அமையுமாறு அணிவித்து, அதற்கு 'உத்தரியம்' என்று பெயரும் சொன்னால், அது அம்மனிதனின் செவியில் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். யாருக்காகவும் கழற்றவேண்டியிராத மேலாடை அது! பிறப்பு பார்க்காது எல்லார்க்கும் ஒரே கம்பளி.

திருச்சபைக்குள் சாதி இல்லாமலிருந்தது என்று சொல்ல வரவில்லை. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரிக்கச் சுவரே எழுப்பப்பட்டிருந்த வரலாறு நாமறிந்ததே. கல்லறையிலும் பிரிவினை இருந்தது. ஆயினும், உத்தரியத்தில் மேல்சாதிக்கு ஒரு துணி, கீழ்ச்சாதிக்கு ஒரு துணி என்ற விதி எங்கும் இருந்ததில்லை. மூலப்பொருள் பற்றிய அந்தக் கண்டிப்பான விதி, பட்டு உத்தரியம் அணிய நினைக்கும் செல்வரையும் தடுத்துவிட்டது.

பேராக்கின் ஈரத்தில் கம்பளி

பேராக்கில் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாறு ரப்பருக்கு முந்தியது. பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த ரெனே ஃபே அடிகளார் 1880களில் கிரியான் வட்டாரத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் ஒன்றை உருவாக்கினார். சூசைப்பாளையம் என்று அதற்குப் பெயர். சூசை என்பது புனித யோசேப்பின் பழந்தமிழ்ப் பெயர். ஃபே அடிகளார் 1896இல் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். பின்னர் ஈப்போவில் சிலிபின் லூர்து மாதா தேவாலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் மையமாயிற்று. 1955 முதல் பேராக் மாநிலம் பினாங்கு மறைமாவட்டத்துள் அடங்குகிறது.

1877இல் ஹியூ லோ கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். முப்பது ஆண்டுகளுக்குள் மாநிலத்தின் முகமே மாறிற்று. தோட்டங்கள் பெருகின, லயங்கள் எழுந்தன. தமிழகக் கத்தோலிக்கச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் செபமாலையையும் உத்தரியத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருக்குக் கம்பளி அன்றாடப் பொருள். குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிக்கக் கம்பளிப் போர்வை இன்றியமையாதது. பேராக்கின் தாழ்நிலத் தோட்டங்களிலோ கம்பளிக்கு வேலையே இல்லை. பால்மரம் வெட்டும் தமிழரின் உடம்பில் கம்பளி என்று ஏதேனும் இருந்திருந்தால், அது பெரும்பாலும் உத்தரியமாகவே இருந்திருக்கும்.

குளிர்நாட்டு இழை இந்த வெப்பத்தில் என்ன பாடுபட்டிருக்கும்? கம்பளி மயிரைப் போன்றே புரதத்தால் ஆனது. தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சினாலும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. ஆகவே வியர்வை அதனுள்ளேயே தங்கும். விடியற்காலைப் பிரட்டு முதல் நண்பகல் பால் நிறுவைவரை மரத்துக்கு மரம் நடக்கும் ஒருவரின் மார்பில் அது எப்போதும் நனைந்தே கிடக்கும். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கே துணி காய்வதே அரிது. பெட்டியில் கழற்றி வைத்தாலோ அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தேடித் தின்னும்.

சவர்க்காரம் மற்றொரு பகை. துணி துவைக்கும் கட்டிச் சவர்க்காரத்தின் காரத்தன்மை கம்பளியின் புரதத்தைச் சிதைத்துச் சுருங்கச் செய்யும். ஆனால் நீர்த்த அமிலத்தைக் கம்பளி பருத்தியைவிட நன்றாகத் தாங்கும். பால் உறைய வைக்கும் அமிலம் தெறிக்கும் ஆலைத் தொழிலாளியின் பருத்திச் சட்டை ஓட்டையாகும் இடத்தில், உத்தரியம் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு.

1910: துணிக்குப் பதில் பதக்கம்

வெப்ப நாடுகளில் உத்தரியம் விரைவில் இற்றுப்போகும் சிக்கல் பேராக்கிற்கு மட்டும் உரியதன்று. பெல்சியக் காங்கோவில் பணிபுரிந்த மறைப்பணியாளரின் வேண்டுகோளும் உரோமையை எட்டியிருந்தது. 1910ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் காலத்தில் வெளிவந்த ஆணை, துணி உத்தரியத்திற்குப் பதிலாக உலோகப் பதக்கம் அணிய இசைவளித்தது. பதக்கத்தின் ஒரு பக்கம் இயேசுவின் திருஇருதயம். மறுபக்கம் அன்னை மரியா.

அதே 1910 மலாயாத் தமிழருக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டிய ஆண்டு அது. ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. அதன்பின் கங்காணி முறையே ஆட்களைத் திரட்டும் பெருவழியாயிற்று. 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை அது நீடித்தது.

பதக்கம் வந்ததனால் துணி ஒழிந்துவிட்டதா? இல்லை. அந்த ஆணையே மூன்று வரம்புகளை வைத்தது. முதன்முறை அணிவிக்கும் சடங்கு துணி உத்தரியத்தால்தான் நடைபெறவேண்டும். பதக்கத்தைக் குரு மந்திரிக்கவேண்டும். முடிந்தவரை துணியையே தொடர்ந்து அணிவது பாப்பரசரின் விருப்பம்.

இரண்டாவது வரம்பைத் தோட்டத்து வாழ்வில் வைத்துப் பாருங்கள். துணி உத்தரியத்தை ஒருவருக்கு முறைப்படி ஒருமுறை அணிவித்துவிட்டால் போதும். அது கிழிந்தால், அதே வகைத் துணியில் புதிதொன்றை அவரே போட்டுக்கொள்ளலாம். மீண்டும் மந்திரிக்கத் தேவையில்லை. பதக்கம் தொலைந்தாலோ, புதுப்பதக்கத்தைக் குருவிடம் கொண்டுபோக வேண்டும். தோட்டத்துச் சிற்றாலயத்திற்குச் சுவாமியார் எப்போதோ ஒருமுறைதான் வருவார். ஆக, உறுதியான உலோகம் குருவின் வருகையை எதிர்பார்த்து நின்றது. இற்றுப்போகும் துணியோ வீட்டு ஊசிநூலாலேயே உயிர்பெற்றது!

ஒரு மூதாட்டியின் பெட்டி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டம் அழிந்து வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஓரிடத்தில், என் மாணவி ஒருத்தியின் பாட்டி தம் தகரப் பெட்டியைத் திறந்து ஓர் உத்தரியத்தைக் காட்டினார். தம் தாயார் அணிந்தது என்றார். பழுப்பு நிறம் கருத்து, துணி தடித்துச் சுருங்கியிருந்தது. மாதா படம் உதிர்ந்து தையல் மட்டும் எஞ்சியிருந்தது. நாடா இருந்த இடத்தில் தூண்டில் நைலான் நரம்பு. முதுகுப் பக்கத் துண்டு வேறு துணி. முன்துண்டைவிட மெல்லியது, நெசவும் வேறு. கிழிந்த துண்டுக்கு மாற்றாகக் கிடைத்த கம்பளியை வெட்டித் தைத்ததாக அவர் நினைவுகூர்ந்தார்.

சப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1942 முதல் 1945 வரை, துணிப் பஞ்சத்தால் மக்கள் சாக்கை உடுத்திய கதையை அவர் தம் தாயாரிடம் கேட்டிருக்கிறார். அந்நாளில் சயாம் மரண இரயில்வேக்குத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். உடுத்தத் துணியில்லாத காலத்திலும் இந்த இரு துண்டுகளும் கைவிடப்படவில்லை.

நான் அதனைக் கையில் வாங்கியபோது, அதிலிருந்த ஒவ்வொரு பழுதும் ஒரு செய்தியாகவே தெரிந்தது. சுருக்கம் சவர்க்காரத்தைச் சொன்னது. நைலான் நரம்பு அது பின்னாளில் செப்பனிடப்பட்டதைச் சொன்னது. இரு வேறு நெசவுகள் கிடைத்ததைக் கொண்டு நிறைவு செய்த கைகளைச் சொன்னன. புத்தம்புதிய ஓர் உத்தரியத்தால் இவற்றுள் எதையும் சொல்ல இயலாது.

தாயத்தும் உத்தரியமும்

சில ஆண்டுகளுக்குமுன் ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்லவேண்டும். பள்ளியின் பெயர் தேவையில்லை. ஒழுங்குச் சோதனையின்போது, கழுத்தணிகள் அனைத்தையும் கழற்றுமாறு பிள்ளைகளுக்குக் கட்டளையிடப்பட்டது. புதுநன்மை வாங்கிய நாளில் அணிந்த உத்தரியத்தைக் கழற்ற ஒரு சிறுவன் மறுத்தான். ஆசிரியர் அதனைத் தாயத்து என்று கருதினார். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியாதவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அவன் அழுதானேயொழிய, அது என்ன என்று சொல்ல அவனுக்குச் சொற்கள் இல்லை. சொல்லிக் கொடுக்கவேண்டிய நாமும் சொல்லிக் கொடுக்கவில்லையே!

தாயத்தையும் உத்தரியத்தையும் ஒப்பிடுவதில் இழிவொன்றுமில்லை. இரண்டும் மக்களின் அச்சத்திலும் நம்பிக்கையிலும் பிறந்தவை. ஆனால் வேறுபாடு உண்டு. தாயத்தின் ஆற்றல் உள்ளே மூடிவைக்கப்பட்ட தகட்டில் இருப்பதாக நம்பப்படுகிறது. உத்தரியத்தின் உள்ளே எதுவும் இல்லை. அது வெளிப்படையான துணி. அணிவோர் ஒரு குடும்பத்தின் சீருடையை ஏற்று, அதற்கேற்ப வாழ ஒப்புக்கொள்கின்றனர் என்பதற்கு அது அடையாளம். அணிந்தால் போதும், எப்படியும் வாழலாம் என்ற எண்ணத்தைத் திருச்சபையும் கார்மேல் சபையும் மறுத்தே வந்துள்ளன. 2001இல், 750ஆம் ஆண்டு நிறைவையொட்டிக் கார்மேல் சபையினருக்கு எழுதிய மடலில், பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் தாமும் நெடுங்காலமாக உத்தரியம் அணிந்துவருவதைக் குறிப்பிட்டார். அதனை வாழ்க்கைமுறையின் அடையாளமாகவே விளக்கினார்.

மூலப்பொருளை அறியாவிட்டால் இவ்வேறுபாடு புலப்படாது. இன்று பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டப்பட்ட உத்தரியங்கள் வந்துவிட்டன. செயற்கை இழைத் துணியில் செய்தவையும் விற்கின்றன. நனையாது, இற்றுப்போகாது, அந்து அரிக்காது. வசதிதான். ஆனால் உறைக்குள் மூடப்பட்ட துணி ஆடை என்னும் தோற்றத்தை இழந்து, தகட்டை மூடிய தாயத்தைப் போலவே ஆகிவிடுகிறது. அதனைத் தாயத்து என்று கருதிய ஆசிரியரை மட்டும் குறைகூறி என்ன பயன்?

நாம் செய்யக்கூடியவை

பேராக்கின் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது முதலில் குப்பைக்குப் போனவை இத்தகைய சிறு பொருள்களே. மந்திரிக்கப்பட்ட பழைய உத்தரியத்தை எரிப்பதோ புதைப்பதோ கத்தோலிக்க வழக்கம். அணிந்தவரோடு கல்லறைக்குச் சென்றவையும் பல. எனவே எஞ்சியிருப்பவை மிகக் குறைவு. ஆசிரியர்களும் பெற்றோர்களும் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்:

1. வட்டார வரலாற்று இடுபணிக்குக் கட்டடங்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல், தாத்தா பாட்டியின் பெட்டியில் உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். தாயத்து, உத்தரியம், அரைஞாண், பால்வெட்டு உளி எதுவாயினும் சரி.

2. பொருளைப் பற்றி நான்கு வினாக்கள் போதும்: எதனால் ஆனது? யார் செய்தது, அல்லது எங்கே வாங்கியது? எப்படிப் பழுதாயிற்று? யார் செப்பனிட்டார்?

3. அறிவியல் பாடத்தில் கம்பளி, பருத்தி, செயற்கை இழை ஆகியவற்றின் நூலை ஆசிரியர் எரித்துக் காட்டலாம். கம்பளி மயிர் கருகும் வாடை தரும். பருத்தி தாள் எரியும் வாடை தரும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும். புனிதப் பொருளை ஒருபோதும் சோதனைக்கு எடுக்கவேண்டாம். வேறு துணியின் நூலே போதும்.

4. கத்தோலிக்கப் பெற்றோர், உத்தரியம் அணிவிக்கும் நாளிலேயே பிள்ளையிடம் அதன் கதையைச் சொல்லவேண்டும். உழைப்பாளியின் ஆடையிலிருந்து பிறந்தது என்று சொல்லுங்கள். பால்மரம் வெட்டிய பூட்டியின் மார்பில் கிடந்தது என்று சொல்லுங்கள்.

5. கழுத்துக் கயிற்றைக் கழற்றச் சொல்வதற்குமுன், எந்தச் சமயப் பிள்ளையாயினும், அது என்னவென்று ஆசிரியர் ஒரு வார்த்தை கேட்கலாம். பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால், வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். அந்தக் கேள்வியே ஒரு வரலாற்றுப் பாடமாகிவிடும்.

பெரிய வரலாறுகளைக் கல்வெட்டும் கோட்டையும் காக்கும். தோட்டத்துப் பாட்டாளியின் வரலாற்றைக் காக்க விரலகலக் கம்பளித் துண்டும், அதனை அடையாளம் காட்டத் தெரிந்த ஒரு பிள்ளையும் வேண்டும். கம்பளியை அந்து அரித்துவிடலாம். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த செய்தியை அது அரிக்காது.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்